முள் இறங்கும் வரை

என் மாமாவின் பிக்கப் வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மூன்று முட்கள் இருந்தன. வேகத்தைக் காட்டும் முள் நான் பிறப்பதற்கு முன்பே படுத்துவிட்டது. டீசலைக் காட்டும் முள் எப்போதும் பாதி டேங்க் என்று சாதிக்கும். டேங்க் வறண்டு வண்டி நடுரோட்டில் நின்றபோதும் அது பாதியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மட்டும். அதற்கு உயிர் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. காரணமில்லாமல் ஏறும், காரணமில்லாமல் இறங்கும். எங்கள் வீட்டில் அத்தையின் கோபத்துக்கு இருந்த மரியாதை அந்த முள்ளுக்கும் இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தார். சுற்றுப்பட்ட தோட்டங்களில் வாழைத்தார் ஏற்றி, திருச்சி காந்தி மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். நான் மூன்று வயதில் அவர் வீட்டுக்கு வந்தேன். மருங்காபுரியில் என் அம்மா தம்பியைப் பெற்றுவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, ஒரு மாதம் எங்களிடம் இருக்கட்டும் என்று மாமா என்னைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. அந்த ஒரு மாதம் நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரை நீண்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் முடிவு கட்ட வேண்டியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முள்ளைக் கவனிக்கும் வேலை எனக்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. ஒரு கோடையில் சமயபுரம் ரோட்டில் மாமா போய்க்கொண்டிருந்தபோது முள் ஏறி ஏறிச் சிவப்பைத் தொட்டதாம். ஓரங்கட்டலாமா என்று அவர் யோசிப்பதற்குள் அது மளமளவென்று இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மாமா வண்டியை விரட்டினார். கொஞ்ச தூரத்தில் என்ஜின் புகையைக் கக்கி நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் முழுக்க ஒழுகிப்போயிருந்தது. தண்ணீரின் சூட்டைத்தான் முள் காட்டும், தண்ணீரே இல்லாதபோது அது எதைக் காட்டும்? இந்த விவரத்தை மெக்கானிக் சொல்லி முடித்தபோது மாமா ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டாரா, மெக்கானிக்கிடம் கேட்டாரா என்பது தெரியவில்லை. அன்றிலிருந்து நான் வண்டியில் ஏறினால், முள்ளையே பார்த்துக்கொண்டு வந்து ஏற்ற இறக்கத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ரேடியோ இல்லாத வண்டிக்கு நானே ரேடியோ ஆனேன்.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த சமயம் மருங்காபுரியில் பேச்சு எழுந்தது. எழுப்பியது அப்பாவின் சொந்தக்காரர்கள். பெண் வளர்கிறாள், நாளைக்குப் பெரியவளானால் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், பெண்ணே மாமன் வீட்டில் இருந்தால் சீர் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகும் என்று கேட்டார்கள். வேறு யார் வீட்டில் நான் வளர்ந்திருந்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. தாய்மாமன் என்ற உரிமையில்தான் அவர் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதே உரிமையைக் காட்டித்தான் என்னைத் திருப்பிக் கேட்டார்கள். அப்பா கெட்டவர் இல்லை. பெற்ற பெண் தன்னைப் பார்த்தால் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுகிறாளே என்ற வருத்தம் அவருக்கும் ஏழு வருடமாக இருந்திருக்கிறது.

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. லீவுக்கு அம்மாவிடம் போகிறாய் என்றார்கள். ஒவ்வொரு லீவுக்கும் போகிறவள்தானே, நானும் பையை மாட்டிக்கொண்டு வந்தேன். வண்டியின் பின்னால் பார்த்தால் என் சைக்கிள், நான் எழுதும் பலகை, மூன்று மூட்டைத் துணி, எனக்குப் பத்தாத பழைய ஸ்வெட்டர்கூட இருந்தது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டேன். "அங்க கெடக்கட்டும்டா" என்றாள் அத்தை. அவள் கூட வரவில்லை, தலைவலி என்றாள். தயிர்சாதமும் மாவடுவும் கட்டிக் கொடுத்துவிட்டு, வண்டி கிளம்புவதற்கு முன்பே உள்ளே போய்விட்டாள். எப்போதும் தெருமுனை வரை வந்து கையாட்டுகிறவள் அவள். தலைவலிக்கு வெயில் ஆகாது என்று நானே மாமாவுக்கு விளக்கம் சொன்னேன்.

காவேரிப் பாலத்தில் அன்று ஏதோ முகூர்த்தக் கூட்டம். பஸ்ஸும் வேனும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர மறுத்தன. முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது. நான் என் வேலையைச் செய்தேன்.

"மாமா, நடுவைத் தாண்டிடுச்சு."

"பாத்துக்கிட்டே இரு."

"இன்னும் ஏறுது மாமா."

அந்தச் சூடு மெய்யான சூடுதான். வண்டி ஓடினால்தான் ரேடியேட்டரில் காற்று அடிக்கும். ஊர்ந்தால் தண்ணீர் கொதிக்கத்தான் செய்யும். பாலத்தைக் கடந்ததும் மாமா ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினார். பக்கத்தில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். முள் இறங்குகிற வரைக்கும் நான் நுங்கைக் கட்டைவிரலால் தோண்டித் தின்றேன். தண்ணீர் முகத்தில் பீச்சியடித்தது. நான் சிரித்த சிரிப்பில் நுங்குக்காரரும் சிரித்தார். மாமா பானெட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த யோசனை அவருக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜங்ஷன் தாண்டி, மன்னார்புரம் தாண்டி, மதுரை ரோட்டில் ஏறியதும் வண்டி சீராக ஓடியது. காற்று அடித்தது, முள் நடுவுக்குக் கீழே சமர்த்தாக இருந்தது. எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தால், முள் துள்ளி மேலே நிற்கிறது! "மாமா, ஏறிடுச்சு!" என்று கத்தினேன். மாமா "அடடா" என்றார். அவசரமே இல்லாத அடடா. ஒரு டீக்கடை பக்கம் வண்டி நின்றது. எனக்குப் பன்னும் பாலும் கிடைத்தன. போய்ப் பார்த்தால் முள் இறங்கியிருந்தது.

"எறங்கிடுச்சு மாமா, போலாம்."

"இன்னும் கொஞ்சம் ஆறட்டும்."

அன்றைக்கு முழுவதும் அப்படித்தான். கொஞ்ச தூரம் ஓடும், முள் துள்ளும், நிற்போம். ஒரு கண்மாய்க் கரையில் நின்று தவளைக்கல் எறிந்தோம். மாமாவின் கல் ஐந்தாறு குதி குதித்துப் போகும், என்னுடையது முதல் குதியிலேயே முழுகும். விராலிமலையில் நின்று மயிலுக்குப் பொரி போட்டோம். மலைப்படியில் பாதிவரை ஏறி இறங்கினோம். தயிர்சாதத்தை ஒரு புளியமரத்தடியில் பிரித்தோம். மாமா அவருடைய மாவடுவையும் என் பக்கம் தள்ளிவிட்டார். ஒன்றரை மணி நேரத்து வழி அது. லீவுக்குப் போகும் மற்ற நாட்களில் கண்மாயும் மயிலும் ஜன்னலுக்கு வெளியே ஓடிப்போகும். இந்த வண்டி இப்படியே கெட்டுப்போய் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மறு நிமிடமே பயமும் வந்தது. என்ஜின் மறுபடி புகையைக் கக்கினால் மாமா என்ன செய்வார்? விராலிமலை முருகனிடம் முள்ளை இறக்கித் தா என்று வேண்டிக்கொண்டேன். முருகனும் பாவம், எந்தப் பக்கம் சாய்வார்.

எதிரே வந்த லாரிக்காரர்களும் பைக்கில் வந்தவர்களும் அன்று எங்களிடம் அளவு கடந்த பிரியத்தோடு இருந்தார்கள். கையை வெளியே நீட்டி விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டினார்கள். நானும் அதேபோல் குவித்து விரித்து எல்லாருக்கும் பதில் சொன்னேன். ஒரு பஸ் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று. இப்போது உறையூரில் நான் கேட்டரிங் நடத்துகிறேன். பாத்திரம் ஏற்றிப் போக ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினோம். போன வருடம் ஒரு சாயங்காலம், திருவானைக்காவலில் ஒரு சீமந்தத்துக்குச் சாப்பாடு இறக்கிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன். இருட்டத் தொடங்கியதும் ஹெட்லைட்டைப் போட்டேன். சூட்டு முள் சட்டென்று துள்ளி மேலே போய் நின்றது. பதறிப்போய் ஓரங்கட்டி லைட்டை அணைத்தேன். முள் இறங்கியது. போட்டேன், ஏறியது. அணைத்தேன், இறங்கியது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவன் சிரித்தான். "அக்கா, தண்ணி சூடானா முள்ளு மெதுவாத்தான் ஏறும். இப்படி டக்குனு குதிச்சா அது சூடு இல்ல, எர்த்து. டேஷ்போர்டுக்கு அடியில எர்த் வயர் லூசா இருக்கும். லைட்டைப் போட்டா கரண்ட் வழி தெரியாம முள்ளு மேல போயிரும். வண்டிக்கு ஒண்ணும் இல்ல, நீங்க பாட்டுக்கு வாங்க."

நான் பாட்டுக்கு வர முடியவில்லை. மதுரை ரோட்டில் பட்டப்பகலில் விரல்களைக் குவித்து விரித்த அத்தனை பேரும் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். பகலில் லைட் எரிகிறது, அணை என்று சொன்னவர்கள் அவர்கள். அந்த எர்த் வயரை மாமாவுக்கு வெகுநாளாகத் தெரிந்திருக்கிறது. தினமும் இருட்டில் லைட் போட்டு ஓட்டுகிறவர் ஆயிற்றே. நான் ஜன்னல் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் கை சுவிட்சுக்குப் போயிருக்கிறது. ரோட்டோரத்தில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அந்த நாளுக்கே திரும்புகிறேன். நாங்கள் மருங்காபுரி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்பா காலையிலிருந்து ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடந்திருந்தார். அம்மா எனக்காக வறுத்து வைத்த கோழி ஆறிப்போய், சூடாகி, மறுபடி ஆறியிருந்தது. தம்பி காத்திருந்து காத்திருந்து தூங்கிவிட்டான். கோபப்பட அப்பாவுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"காலையில கெளம்புனதா சொன்னீங்களே மச்சான்" என்று மட்டும் கேட்டார்.

"முள்ளு ஏறிக்கிட்டே இருந்துச்சு மாப்ள. நின்னு நின்னுதான் வந்தோம்."

நானும் ஆமாம் ஆமாம் என்று சாட்சி சொன்னேன். எத்தனை இடத்தில் நின்றோம், என்னென்ன தின்றோம் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். தவளைக்கல், மயில், நுங்கு எல்லாம் வந்தது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மூட்டைகள் இறங்கின, சைக்கிள் இறங்கியது. மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். காலையில் தோட்டத்தில் தார் ஏற்ற வேண்டும், போகாவிட்டால் வேறு வண்டி வைத்துவிடுவார்கள் என்றார். அப்பா பம்ப்செட், டிராக்டர் என்று எதையும் தானே பிரித்துப் பூட்டுகிற ஆள். "இருங்க, என்னன்னு பாத்துட்டு அனுப்புறேன்" என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முள் பார்க்கும் உத்தியோகம் என்னுடையது ஆயிற்றே, நானும் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டேன்.

அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்தார். முள் அடியில் இருந்தது. இருட்டுகிறதே என்று லைட்டைப் போட்டார். முள் துள்ளியது. "ஏறிடுச்சுப்பா!" என்றேன். அப்பா லைட்டை அணைத்தார். முள் விழுந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். முள் ஏறி ஏறி இறங்கியதும், எதிர்ச்சுவரில் வெளிச்சம் வந்து வந்து போனதும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கை தட்டினேன். அப்பா டேஷ்போர்டுக்கு அடியில் கையைவிட்டு எதையோ தொட்டுப் பார்த்தார். அதை முறுக்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. கையை வெளியே எடுத்துவிட்டு, கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தார். மாமா முருங்கைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

அப்பா இறங்கினார். "என்ஜின் நல்ல சூட்டுல இருக்கு மச்சான். இப்ப எடுத்தா வழியில விட்டுரும். இருந்துட்டு, ஆறினப்பறம் போங்க."

"ஆறுமா மாப்ள?" என்றார் மாமா.

"மெதுவா ஆறட்டும். என்ன அவசரம்?"

மாமா உடனே போனை எடுத்து அத்தையிடம், முள் ஏறுகிறது, மாப்பிள்ளை போகவேண்டாம் என்கிறார் என்று சொன்னார். முள்ளுக்கெல்லாம் பயப்படுகிற ஆளா நீங்கள் என்று அத்தை திட்டுவாள் என நினைத்தேன். அவள் திட்டவில்லை போலிருக்கிறது. மாமா ம், ம் என்று கேட்டுக்கொண்டு போனை என்னிடம் கொடுத்தார். சாப்பிட்டியாடா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அப்புறம் வெகுநேரம் அவள் பேசவில்லை, டவர் போய்விட்டது என்று நான் போனை வைத்துவிட்டேன்.

அன்று இரவு முற்றத்தில் மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் எனக்குப் பாய் விரித்தார்கள். படுத்ததும் தூங்கிப்போனேன். ஆனால் தூக்கத்துக்கு முன் ஒரு கவலை வந்தது. மாமாவின் லோடு போய்விடுமே. என்னைக் கொண்டுவந்து விடப்போய்த்தானே இந்த வினை. எப்படியாவது காலையில் அந்த வண்டி ஆறியிருக்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் எப்படிச் சூடாக இருக்க முடியும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. அப்பா சொன்னால் இருக்கும்.

விடிந்ததும் முதல் வேலையாக வண்டியிடம் ஓடினேன். எக்கிப் பானெட்டில் இரண்டு கைகளையும் வைத்தேன். இரவெல்லாம் காற்றில் கிடந்து சில்லென்று இருந்தது. கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன், அப்படியொரு குளிர்ச்சி. கொல்லைப் பக்கம் ஓடினேன். மாமாவும் அப்பாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சூடு அடங்கவில்லை மச்சான், இன்றைக்கும் இருங்கள் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் ஆமாண்ணே, இருங்க என்றாள். மாமாவின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது.

"மாமா! வண்டி சுத்தமா ஆறிடுச்சு! நான் தொட்டுப் பாத்தேன். நீங்க கெளம்பலாம்!"

அப்பாதான் சுதாரித்துக்கொண்டு, தொட்டுப் பார்த்தால் தெரியாது பாப்பா, என்ஜின் உள்ளே இருக்கிறது என்று ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்ல மாப்ள. முள்ளு பாக்குறது அவதான். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மிச்ச டீயைக் குடித்து முடித்தார். என் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். வண்டியில் ஏறி, எங்கும் நிற்காமல் போய்விடலாம் இல்லையா என்று என்னைக் கேட்டார். தாராளமாகப் போகலாம் என்றேன். லீவு முடிந்ததும் சீக்கிரம் வாருங்கள் என்று வண்டியோடு ரோடு வரை ஓடினேன். சரி என்று தலையாட்டினார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மெயின்ரோட்டில் ஏறி மறைந்தது. வேலையைச் சரியாகச் செய்து, மாமாவின் லோடைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா வாசலில் குந்தியிருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"மாமாவை இன்னும் ரெண்டு நாளு இருக்கச் சொல்லியிருக்கலாமேம்மா."

"எதுக்குப்பா?" என்றேன். "அதான் ஆறிடுச்சே."